இடிக்கு எவ்வளவு பயப்படலாம்? லுத்தர், போர்ட் ராயல், பாஸ்கல் – ஒரு வாசிப்பு

2021 மே மாதம் என் லேப்டாப்பில் ஒரு எக்ஸெல் கோப்பு போட்டேன். இன்னும் இருக்கிறது, அழிக்க மனசு வரவில்லை. எங்கே போக வேண்டும், உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், ஜன்னல் உண்டா, எவ்வளவு நேரம், திரும்பி வந்தால் வீட்டில் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று வரிசையாகக் காலம்கள். கடைசிக் காலத்தில் ஓர் எண் வரும். ஒரு வரம்பைத் தாண்டினால் அந்த வரிசை சிவப்பாகும். பால் கடை பச்சை. மருந்துக் கடை மஞ்சள். ஞாயிறு ஆராதனை சிவப்பு. நாலு வீடு தள்ளித் தனியாக இருந்த ஓர் அத்தை காய்ச்சலில் படுத்தபோது (சொந்த அத்தை இல்லை, சபையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த வரிசையும் சிவப்பு. நான் போகவில்லை. போனில் பேசினேன், ஜெபம் பண்ணினேன், ஜீபேயில் பணம் அனுப்பினேன்.

அதே வாரங்களில் எங்கள் சபை வாட்ஸாப் குழுவில் இரண்டு விஷயங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று 91-ஆம் சங்கீதம். இன்னொன்று, 1527-இல் கொள்ளைநோய் வந்தபோது மார்ட்டின் லுத்தர் எழுதியது என்று ஒரு பத்தி. வேடிக்கை என்னவென்றால், கூடி ஆராதிக்கலாம் என்று சொன்னவர்களும் அந்தப் பத்தியைத்தான் அனுப்பினார்கள், கூடவே கூடாது என்றவர்களும் அதையேதான் அனுப்பினார்கள். ஆளுக்குப் பாதி. நான் இரண்டாவது கோஷ்டி.

முழுக் கடிதத்தையும் தேடிப் படித்தது பிறகுதான். அங்கிருந்து பாஸ்கலின் பந்தயத்துக்கும், அதிலிருந்து போர்ட் ராயல் ஆட்கள் எழுதிய தர்க்க நூலுக்கும் போனேன். மூன்றுமே கிறிஸ்தவர்கள் எழுதியவை. மூன்றும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்வி: விசுவாசம் உள்ள ஒரு மனிதன் எதற்கு, எவ்வளவு பயப்படலாம்? ரிஸ்க்கை எப்படி எடுக்கலாம்? பதில்கள்தான் வேறு வேறு. நான் இறையியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாகக் கோட் எழுதுகிறவன். ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான் படித்தேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

இடியும் இருபது லட்சமும்

காலவரிசைப்படி லுத்தரில் தொடங்க வேண்டும். ஆனால் எக்ஸெல் போட்டவன் என்பதால் எனக்குப் பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

1662-இல் பாரிஸில் ஒரு தர்க்க நூல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. எழுதியவர்கள் அந்துவான் ஆர்னோ, பியெர் நிக்கோல் என்ற இரண்டு இறையியலாளர்கள். போர்ட் ராயல் மடத்தைச் சுற்றியிருந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அதனால் புத்தகத்துக்குப் பெயரே போர்ட் ராயல் தர்க்கம் என்று ஆகிவிட்டது. அதன் கடைசி அத்தியாயம் எதிர்காலத்தைப் பற்றி எப்படி முடிவெடுப்பது என்பதைப் பேசுகிறது. நிகழ்தகவை எண்ணால் அளக்கக்கூடிய ஒன்றாக அச்சில் பேசிய மிக ஆரம்பகாலப் பக்கங்களில் இவையும் அடங்கும்.

அவர்கள் எடுக்கும் உதாரணம் இடி. இடிச் சத்தம் கேட்டால் நடுநடுங்கிப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். சாவு பயம்தான் காரணம் என்றால் அந்தப் பயம் நியாயமில்லை, ஏனென்றால் 20 லட்சம் பேரில் ஒருவர் அப்படிச் செத்தால் அதுவே அதிகம் என்கிறார்கள். ஒரு தீமை எவ்வளவு பெரியது என்று மட்டும் பார்த்துப் பயப்படாதே, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையும் சேர்த்துப் பார், இரண்டையும் பெருக்கி வருவதுதான் நியாயமான பயம் என்பது சாரம். பத்துப் பேர் ஆளுக்கு ஒரு காசு போட்டு ஒருவர் மட்டும் அள்ளிக்கொள்ளும் ஆட்டத்தையும் இப்படித்தான் விளக்குகிறார்கள். ஒன்பது காசு லாபம் வரலாம், ஒரு காசு நஷ்டம் வரலாம், ஆனால் நஷ்டத்துக்கான வாய்ப்பு ஒன்பது மடங்கு. ஆக ஆட்டம் நியாயமானது.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. இன்றைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி செய்வது, ப்ராஜெக்டில் நாம் போடும் ரிஸ்க் ரெஜிஸ்டர், என் சிவப்பு மஞ்சள் கோப்பு எல்லாமே இந்த அத்தியாயத்தின் பேரப்பிள்ளைகள். அறிவு விசுவாசத்துக்கு எதிரி என்று நினைக்கிறவர்கள், விசுவாசிகள் அறிவுக்கு எதிரி என்று நினைக்கிறவர்கள், இரண்டு பேருமே இதைப் படிக்க வேண்டும். பயத்துக்கு அளவுகோல் செய்ய முயன்ற முதல் ஆட்களில் இரண்டு பேர் கடவுள் கிருபையைப் பற்றி வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர்கள்.

ஆனால் உதாரணத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடி என் தலையில் விழுந்தால் நான் சாவேன். என்னிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொற்றாது. சூதாட்டமும் அப்படித்தான், என் காசு, என் நஷ்டம். ரிஸ்க் கணக்கு பிறந்த இடத்திலேயே, பயப்படுகிறவனும் பாதிக்கப்படுகிறவனும் ஒரே ஆள். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அந்த அத்தியாயம் சும்மா முடியவில்லை. உலகத்து லாபநஷ்டத்தை எல்லாம் இப்படிக் கணக்குப் போடலாம், ஆனால் நித்தியம் முடிவில்லாதது, அதற்கு உலகத்தில் எதுவும் ஈடாகாது, ரட்சிப்பை அடைய ஒரு சின்ன வாய்ப்புக்கூட உலகத்துச் சொத்து மொத்தத்தையும் விடப் பெரியது என்று சொல்லி நிறுத்துகிறார்கள். நேராகப் பாஸ்கலின் வாசலில் கொண்டுவந்து விடுகிறார்கள்.

பந்தயம்

பிளேஸ் பாஸ்கல் எங்களைப் போன்ற ஆட்களுக்குக் குலதெய்வம் மாதிரி. 19 வயதில், வரி வசூல் கணக்கில் திணறிய அப்பாவுக்காக ஒரு கணக்கு இயந்திரம் வடிவமைக்கத் தொடங்கியவர். 1654-இல் ஃபெர்மாவோடு கடிதம் மூலம் பேசி, பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற கணக்கைத் தீர்த்தார். நிகழ்தகவுக் கணிதம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று சொல்வது வழக்கம். அதே 1654, நவம்பர் 23 இரவு அவருக்கு ஒரு தெய்வ அனுபவம். அதை ஒரு தாளில் எழுதி, சாகும்வரை சட்டைக்குள் தைத்து வைத்திருந்தார். கணக்கும் அந்த இரவும் ஒரே வருஷம் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

பந்தயம் என்ற பகுதி அவர் இறந்து எட்டு வருஷம் கழித்து, 1670-இல், அவருடைய சிதறிய குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டபோது வந்தது. சாரம் நமக்குத் தெரிந்ததுதான். கடவுள் உண்டா இல்லையா என்று அறிவால் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஏதோ ஒரு பக்கம் வாழ்ந்துதான் ஆக வேண்டும், விளையாடாமல் இருக்க வழியில்லை. உண்டு என்று வைத்து வாழ்ந்து அது சரியாகப் போனால் முடிவில்லாத லாபம். தப்பாகப் போனால் இழப்பது அளவுள்ள ஏதோ கொஞ்சம். ஆகவே உண்டு என்றே வை.

முதலில் பாஸ்கலுக்கு நியாயம் செய்துவிடலாம். நம்ம ஊர்க் கன்வென்ஷன் மேடையில், துண்டுப் பிரதியில், இன்று இரவு செத்தால் எங்கே போவாய் என்று கேட்கிற கேள்வியைப் பலர் பாஸ்கல் தலையில் கட்டுகிறார்கள். அந்தக் குறிப்பைப் படித்தால் கணக்கில் நரகம் முன்னால் வருவதே இல்லை. அவர் தராசில் வைப்பது முடிவில்லாத மகிழ்ச்சி. பயமுறுத்தி ஆள் பிடிக்கிற வேலை அங்கே இல்லை. அதோடு, இது கடவுள் இருப்பதற்கான நிரூபணமும் இல்லை. அறிவாளியாக இருப்பதென்றால் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது என்று நினைத்த, சூதாட்டம் தெரிந்த ஒரு கனவானிடம் அவருடைய பாஷையிலேயே பேசிப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

எதிர்வாதங்களும் பழையவை. ஒரு விஷயம் உண்மையாக இருந்தால் எனக்கு நல்லது என்பதால் அது உண்மையாகிவிடுமா என்று 1734-இல் வால்டேர் கேட்டுவிட்டார். இதே வாதத்தை ஓர் இமாமும் சொல்லலாமே என்று திதெரோ கேட்டார். இவை சரியான கேள்விகள். ஆனால் கோட் எழுதுகிறவனுக்கு உறைக்கிற இடம் வேறு.

எந்த ப்ரோக்ராமிங் மொழியிலும் ஃப்ளோட்டிங் பாயிண்ட் எண்ணாக இன்ஃபினிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 0.5-ஆல் பெருக்கினால் இன்ஃபினிட்டி. 0.000001-ஆல் பெருக்கினாலும் இன்ஃபினிட்டி. இரண்டும் சமமா என்று கேட்டால் ட்ரூ என்று வரும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நாட் எ நம்பர். பூஜ்யத்தால் பெருக்கினாலும் நாட் எ நம்பர். அதாவது இன்ஃபினிட்டி ஒரு தடவை கணக்குக்குள் நுழைந்தால், அதற்குப் பிறகு வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்விக்கே அர்த்தம் போய்விடுகிறது. ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவனுக்கும், காசைச் சுண்டிப் பார்த்துத் தலை விழுந்தால் மட்டும் போகிறவனுக்கும் எதிர்பார்ப்பு மதிப்பு ஒன்றேதான். இதைத் தத்துவவாதி ஆலன் ஹாயெக் 2003-இல் முறையாக எழுதியிருக்கிறார். 2009-இல் நிக் பாஸ்ட்ரம் இன்னும் குறும்பாக ஒரு கதை எழுதினார். ஆயுதத்தை மறந்துவிட்டு வந்த ஒரு வழிப்பறிக்காரன் பாஸ்கலிடம், பர்ஸைக் கொடு, நாளைக்குப் பல மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். நம்ப மாட்டேன் என்றால் மடங்கைக் கூட்டிக்கொண்டே போகிறான். கணக்குப்படி நடக்கிற பாஸ்கல் கடைசியில் பர்ஸைக் கொடுத்தாக வேண்டும்!

போர்ட் ராயல் அத்தியாயத்தின் நல்ல பகுதியை அதன் கடைசிப் பத்தியே கெடுத்துவிடுகிறது என்பது என் வாசிப்பு. வாய்ப்பையும் சேர்த்துப் பார் என்று இடிக்குச் சொன்ன புத்திமதியை, பரிசு முடிவில்லாததாக ஆனவுடன் கைவிட்டுவிடுகிறார்கள்.

இதெல்லாம் கணக்கில் உள்ள பக். என்னை அதிகம் உறுத்தியது வேறு. பந்தயத்தின் அட்டவணையில் இருப்பது நானும் கடவுளும் மட்டுமே. என் லாபம், என் நஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் எங்கே? குறிப்பின் கடைசியில் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இந்தப் பக்கம் சாய்ந்தால் இந்த உலகத்திலேயே நீ நேர்மையானவனாக, தாழ்மையுள்ளவனாக, நன்றியுள்ளவனாக, நல்ல நண்பனாக ஆவாய் என்கிறார் பாஸ்கல். அங்கேயும் அது என் சீட்டில் விழுகிற போனஸ்தான். அந்த நல்ல நண்பன் யாருக்கு நண்பன் என்று கணக்கு கேட்பதில்லை. நான் கிறிஸ்தவனாக வளர்ந்தவன். அயலான் யார் என்ற கேள்விக்குத் தனியாக ஓர் உவமை சொல்லப்பட்ட மதத்தில், விசுவாசத்துக்கான மிகப் பிரபலமான வாதத்தில் அயலானே இல்லை என்பது சாதாரண விடுபடலாக எனக்குத் தெரியவில்லை.

விட்டன்பர்க், 1527

இப்போது 135 வருஷம் பின்னால் போவோம். அந்தக் காலத்தில் நிகழ்தகவுக் கணிதம் இல்லை. கிருமி என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது.

1527 ஆகஸ்ட் தொடக்கத்தில் விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகத்தை ஜேனாவுக்கு மாற்றினார்கள். லுத்தரையும் கிளம்பச் சொல்லி ஆட்சியாளர் யோஹான் கேட்டுக்கொண்டார். லுத்தர் போகவில்லை. அவரும் சபைப் போதகர் புகன்ஹாகனும் தங்கிவிட்டார்கள். லுத்தரின் வீடு ஏறக்குறைய ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர்கள் (இன்றைய போலந்தின் விரோட்ஸ்வாஃப்), யோஹான் ஹெஸ் என்பவர் மூலமாக, கொள்ளைநோய் வந்தால் ஒரு கிறிஸ்தவன் ஓடிப் போகலாமா என்று கேட்டிருந்தார்கள். அதற்கான பதில்தான் அந்தக் கடிதம். அந்த வருஷமே அச்சாகிவிட்டது.

முழுசாகப் படித்தபோது எனக்கு முதலில் ஆச்சரியம் தந்தது, தங்கியிருக்கிற ஆள் எழுதிய கடிதம் ஓடுகிறவர்களைத் திட்டவில்லை என்பதுதான். சாவுக்குப் பயந்து ஓடுவது மனித இயல்பு, கடவுளே வைத்தது, அது பாவமில்லை என்கிறார். ஆபிரகாம் ஓடினார், யாக்கோபு ஓடினார், தாவீது ஓடினார் என்று பட்டியல் போடுகிறார். வீடு தீப்பிடித்தால் இது கடவுளின் தண்டனை என்று உள்ளேயே உட்கார்ந்திருப்பாயா, பசித்தால் சாப்பிடாமல் இருப்பாயா என்று கேட்கிறார். ஆக, பயப்படலாம். பயம் விசுவாசக் குறைவு அல்ல.

அடுத்து ஒரு கோடு போடுகிறார். பொறுப்பில் இருப்பவர்கள் ஓடக்கூடாது. போதகர், மேயர், நீதிபதி, ஊர் வைத்தியர், காவல்காரர், ஊர்க் கணக்கர். பெற்றோர் பிள்ளைகளை விட்டு ஓடக்கூடாது. அப்படிப் பதவி எதுவும் இல்லாத ஆள்? பக்கத்து வீட்டுக்காரர் நோயில் கிடந்து, அவரைப் பார்க்க வேறு யாரும் இல்லை என்றால், அவருக்கு நீதான் பொறுப்பு. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தால் நீ தாராளமாகப் போகலாம்.

கவனியுங்கள், எவ்வளவு எளிமையான சோதனை! நான் போனால் எனக்கு நோய் வர எவ்வளவு வாய்ப்பு என்று அவர் கேட்கவில்லை. நான் போகாவிட்டால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல 1527-இல் எந்த வழியும் கிடையாது. இரண்டாவது கேள்விக்குத் தெருவில் நடந்தாலே பதில் தெரிந்துவிடும்.

அதோடு நிற்கவில்லை. இன்னொரு பக்கத்து ஆட்களையும் பிடிக்கிறார். மருந்து வேண்டாம், விலகல் வேண்டாம், கடவுள் விரும்பினால் காப்பாற்றுவார் என்று நோயாளிகளோடு கூடிக் குடித்துக் களித்துத் தைரியம் காட்டுகிறவர்கள். அது விசுவாசம் இல்லை, கடவுளைச் சோதிப்பது என்கிறார் லுத்தர். கடவுள் மருந்தைப் படைத்ததும் புத்தியைக் கொடுத்ததும் பயன்படுத்தத்தான். வீட்டுக்குப் புகை போடு, மருந்து சாப்பிடு, உன் தேவை இல்லாத இடத்துக்குப் போகாதே. ஏனென்றால் நீ அலட்சியமாக நோய் வாங்கி, அது இன்னொருவனுக்குப் பரவி அவன் செத்தால் அந்தச் சாவுக்கு நீ பொறுப்பு. ஆனால் அயலானுக்கு நான் தேவைப்பட்டால் எந்த இடத்தையும் எந்த ஆளையும் தவிர்க்க மாட்டேன் என்று தன்னைப் பற்றிச் சொல்கிறார்.

எங்கள் வாட்ஸாப் குழுவில் ஆளுக்குப் பாதியாக வெட்டி அனுப்பிய பத்தி இதுதான். புகை போடு, விலகியிரு என்பதை நான் எடுத்துக்கொண்டேன். போவேன் என்பதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் இணைத்துப் பிடித்திருந்த ஆணி ஒரே ஒரு சொல், தேவை. அதை இரண்டு கோஷ்டியும் பிடுங்கிப் போட்டுவிட்டோம். கூட்டம் கூட வேண்டும் என்றவர்கள் போக நினைத்தது நோயாளி வீட்டுக்கு அல்ல, கோயிலுக்கு. நானோ தேவை உள்ள இடத்துக்கும் சேர்த்து விலகிக்கொண்டேன்.

91-ஆம் சங்கீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொள்ளைநோய் உன்னை நெருங்காது என்ற பொருளில் அதைக் கதவில் ஒட்டியவர்களை எனக்குத் தெரியும். அதே சங்கீதத்தைத்தான் தேவாலய உச்சியில் நின்று சாத்தான் இயேசுவிடம் மேற்கோள் காட்டுகிறான், குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று. இயேசு குதிக்கவில்லை, கடவுளைச் சோதிக்கக்கூடாது என்று மறுத்துவிடுகிறார். லுத்தர் கடவுளைச் சோதிப்பது என்று சொல்வதன் வேர் இதுவே. அதே இயேசு பிறகு யாரும் நெருங்காத தொழுநோயாளியைத் தொடுகிறார். வேடிக்கை காட்ட ரிஸ்க் எடுக்க மாட்டார், எதிரில் ஓர் ஆள் இருந்தால் எடுப்பார். எனக்கு இதில் முரண் தெரியவில்லை.

லுத்தர் எழுதாமல் விட்டது

லுத்தரன் சபையில், ஞானோபதேசம் மனப்பாடம் செய்து வளர்ந்தவன் என்பதால் லுத்தருக்குச் சலுகை கொடுத்துவிடக் கூடாது. கடிதத்தில் குறைகள் உண்டு. கொள்ளைநோய் கடவுளின் தண்டனை என்பதையும், பிசாசின் வேலை என்பதையும் அவர் கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொள்கிறார். எஜமானுக்கும் வேலையாளுக்கும் பரஸ்பரக் கடமை என்று எழுதினாலும், அனுமதி கேட்க வேண்டியவன் வேலையாள்தான்.

இவற்றைக் காலத்தின் குறை என்று தள்ளிவிடலாம். இன்னொன்றைத் தள்ள முடியவில்லை. லுத்தர் தங்குவது என்று முடிவு செய்தபோது அவர் மனைவி கத்தரினா கர்ப்பமாக இருந்தார். ஒரு வயசுப் பையன் ஹான்ஸ் வீட்டில் இருந்தான், அந்த இலையுதிர் காலத்தில் அவனும் படுத்துவிட்டான். சக ஊழியர் ரோரரின் மனைவியும் கர்ப்பிணி. அவர் கொள்ளைநோயில் இறந்துபோனார். அந்த நவம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பிரசவம் நெருங்கிய கத்தரினாவை நினைத்து லுத்தர் பயப்படுகிறார். டிசம்பர் 10-ஆம் தேதி எலிசபெத் என்ற பெண் குழந்தை பிறந்தது. அடுத்த ஆகஸ்டில், எட்டு மாதம்கூட நிறையாமல், அந்தக் குழந்தை இறந்துவிட்டது. கொள்ளைநோய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் கிடையாது. நான் கேட்பது வேறு. ஓடலாமா என்ற கடிதத்தில் போதகரின் மனைவி எங்கே?

ரிஸ்க் எடுப்பவரும் ரிஸ்க் யார் மேல் விழுகிறதோ அவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் என்ன செய்வது? தொற்றுநோயின் மையமான கேள்வியே இதுதான். தெருவில் உள்ள அயலானைப் பற்றி இந்தக் கேள்விக்குக் கிட்ட வந்த லுத்தர், சொந்த வீட்டுக்குள் வரும்போது பேசவில்லை. நண்பருக்கு எழுதிய தனிக் கடிதத்தில் தெரிகிற பயம், அச்சுக்குப் போன கடிதத்தில் இல்லை. அந்தப் பயத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் பிரெஸ்லாவ் போதகர்களுக்கு இன்னும் உதவியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

என் எக்ஸெல் கோப்பில் ஒரு நல்ல அம்சம் உண்டென்றால் அது அம்மாவின் காலம்தான். அது லுத்தரிடம் இல்லை. லுத்தரிடம் இருந்தது என்னிடம் இல்லை.

பாஸ்கலின் கடைசி வாரங்கள்

இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்தது எதிர்பாராத ஆளிடம்.

1662 கோடைக்காலம். போர்ட் ராயல் தர்க்க நூல் வெளிவந்த அதே வருஷம். பாஸ்கலுக்கு 39 வயசு, உடம்பு ரொம்ப மோசம். தன் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தைக் குடி வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு குழந்தைக்குப் பெரியம்மை வந்துவிட்டது. நோயாளியான பாஸ்கலைப் பார்த்துக்கொள்ள அக்கா கில்பர்ட் வந்து போய்க்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பிள்ளைகள் உண்டு, அவர் வந்து போனால் பெரியம்மை அந்தப் பிள்ளைகளுக்குப் போய்விடலாம். நம்மில் பெரும்பாலோர் என்ன செய்வோம்? அந்தக் குழந்தையை வேறு இடத்துக்கு மாற்றுவோம். வீட்டுக்காரர் நோயாளி வேறு, யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள்.

பாஸ்கல் தான் வெளியேறினார். குழந்தையை அசைத்தால் அதற்கு ஆபத்து, தான் நகர்வதில் ஆபத்து குறைவு என்று சொல்லி ஜூன் மாதக் கடைசியில் அக்கா வீட்டுக்குப் போனார். திரும்பவில்லை. ஆகஸ்ட் 19-ஆம் தேதி அங்கேயே இறந்தார். தம்பியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கில்பர்ட்தான் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ரிஸ்க் கணக்கு இதில் இருக்கிறது. யாரை நகர்த்தினால் ஆபத்து குறைவு என்று யோசித்திருக்கிறார், அக்கா பிள்ளைகளுக்குத் தொற்றலாம் என்று யோசித்திருக்கிறார். அந்த ஏழைக் குழந்தைக்கும் ஒரு காலம் இருக்கிறது. லுத்தரின் சோதனையும் இருக்கிறது. கத்தரினாவுக்குக் கடிதத்தில் கிடைக்காத இடம், கில்பர்ட்டின் பிள்ளைகளுக்கு இங்கே கிடைத்துவிடுகிறது. இன்ஃபினிட்டி மட்டும் எங்கேயும் இல்லை. இருந்தது ஒரு வீடு, ஒரு படுக்கை, மூன்று தரப்பு.

பந்தயத்தை எழுதிய ஆள் பந்தயப்படி முடிவெடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் கேட்டால், உள்ளே அந்த நித்தியம் இருந்ததால்தான் இப்படிச் செய்ய முடிந்தது என்று சொல்லக்கூடும். எனக்கு அதை மறுக்கத் தெரியாது. ஆனால் பந்தயம் என்ற அந்தக் குறிப்பை மட்டும் படிக்கிறவனுக்கு இந்த வீட்டை விட்டு வெளியேறத் தேவையான எந்தத் தகவலும் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம். விமர்சனமாக நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பாஸ்கலின் மிகப் பிரபலமான பக்கம் அவருடைய சிறந்த பக்கம் இல்லை. சிறந்த பக்கத்தை அவர் எழுதவில்லை.

அத்தை பிழைத்துக்கொண்டார். சபையில் ஒரு பையன், கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன், தினமும் போயிருக்கிறான். இரண்டு மாஸ்க் போட்டு, உள்ளே போகாமல், ஜன்னல் கம்பி வழியாகக் கஞ்சித் தூக்கைக் கொடுத்து, ஆக்ஸிமீட்டரில் எண் பார்த்துக் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் மாடியில் தனியாகப் படுத்திருக்கிறான், தாத்தா பாட்டி கீழே இருந்ததால். லுத்தர் கடிதத்தை அவன் படித்ததில்லை. நான் பிறகு அனுப்பினேன், ப்ளூ டிக் வந்தது, பதில் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வாசலில் அத்தையைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவர், "அம்மா இருக்காங்கள்ல தம்பி, நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பைத் திறந்து, அம்மா காலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு காலம் சேர்த்தேன். தலைப்பு, "அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?" ஃபார்முலா எதுவும் போடவில்லை. அதை எண்ணாக மாற்ற எனக்குத் தெரியவில்லை.

அடுத்து கீர்க்ககார்டின் ஆபிரகாம் பற்றிய நூலைப் படிக்கலாம் என்றிருக்கிறேன். அங்கேயும் ஒரு மகன் இருக்கிறான், அவன் மேல் விழுகிற ரிஸ்க்கைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை. பார்ப்போம்.